எம்டிசிகே செல்கள் கழன்று வருகின்றன: கொலஸ்ட்ரால் போனதாலா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக எம்டிசிகே சிறுநீரகச் செல்களை வளர்க்கிறேன். சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்க, மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினை 10 மில்லிமோலார் அளவில் பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கரைத்து அரை மணி நேரம் வைத்தேன். பாதிச் செல்கள் டிஷ்ஷை விட்டுக் கழன்றுவிட்டன. இவை ஒட்டுவதற்குக் கொலஸ்ட்ரால் தேவை என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த பிபிஎஸ் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். செல்களைக் கழுவ ஆய்வகத்தில் வழக்கமாக வைத்திருப்பது கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத வகை. எம்டிசிகே செல்கள் ஒன்றையொன்று பிடித்திருப்பது ஈ-கேடெரின் என்ற புரதத்தால். அதற்குக் கால்சியம் வேண்டும். டிஷ்ஷின் தரையைப் பிடித்திருப்பது இன்டெக்ரின் என்ற புரதம். அதற்கு மெக்னீசியம் போன்ற அயனிகள் வேண்டும். இரண்டும் இல்லாத திரவத்தில் வைத்தால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் இல்லாமலே பிடி தளரும். அதே பிபிஎஸ் மட்டும் ஊற்றிய டிஷ் ஒன்று பக்கத்தில் இருந்ததா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

1958இல் காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்ட செல் வரிசை இது. நன்றாக அடர்ந்து வளர்ந்த பிறகு, செல்களைக் கழற்றப் போடும் டிரிப்சின் நொதியிலேயே எவ்வளவு அடம்பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அது இவ்வளவு சுலபமாகக் கழன்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்புறம், எப்படிக் கழன்றன என்று ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பாருங்கள். ஓரம் சுருண்டு, பாய் போல மொத்தமாக எழும்பினால் செல்களுக்கு இடையிலான பிடி இருக்கிறது, தரைப்பிடிதான் போயிருக்கிறது. நடுவே இடைவெளி விழுந்தும் செல்கள் தரையிலேயே நின்றால் கேடெரின் பக்கம் பாருங்கள். ஒற்றை ஒற்றையாக மிதந்தால் இரண்டும் போயிருக்கலாம், செல் செத்தும் இருக்கலாம். செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிபான் நீலச் சாயத்தைப் போட்டால் தெரிந்துவிடும்.

கொழுப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோமயலின் என்ற இன்னொரு சவ்வுக் கொழுப்பும் நெருங்கி அடுக்கிய பகுதிகள் இன்டெக்ரின் திரள உதவுகின்றன. சவ்வின் உள்பக்கம் இருக்கும் பிஐபி2 என்ற கொழுப்பு டாலின் புரதத்தைப் பிடித்து விரிக்கிறது. டாலின்தான் இன்டெக்ரினை உள்ளே செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகளோடு கட்டுகிறது. கொலஸ்ட்ராலை உருவினால் பிஐபி2 இருக்கும் இடமும் கலைகிறது. ஆக, உங்கள் ஊகம் சரியாகவே இருக்கலாம். சோதனைதான் அதைக் காட்டவில்லை.

சரி, திரும்பச் செய்யும்போது சீரம் இல்லாத, ஆனால் கால்சியமும் மெக்னீசியமும் உள்ள மீடியத்தில் செய்யுங்கள். சீரம் இருந்தால் அதிலுள்ள லிப்போபுரதங்கள் எடுத்த கொலஸ்ட்ராலைத் திருப்பிக் கொடுத்துவிடும். 2, 5, 10 மில்லிமோலார் என்று படியாக ஏற்றுங்கள். முக்கியமான கண்ட்ரோல், கொலஸ்ட்ரால் ஏற்றிய அதே சைக்ளோடெக்ஸ்ட்ரின். அதிலும் செல்கள் கழன்றால் கொலஸ்ட்ராலைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு குறைந்தது என்பதையும் அளந்துவிடுங்கள். கொலஸ்ட்ராலில் ஒட்டி ஒளிரும் ஃபிலிப்பின் சாயம் போதும், ஆனால் வெளிச்சம் பட்டதும் மங்கிவிடும். படத்தை உடனே எடுங்கள்.

இதற்குப் பதிலாக, செல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கும் ஸ்டாட்டின் மருந்தைப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது, ஆக்டினைக் கட்டுப்படுத்தும் ரோ புரதங்கள் சவ்வில் ஒட்டத் தேவையான ஐசோபிரினாய்டுகளையும் சேர்த்தே குறைக்கும். ரோ கெட்டாலும் ஒட்டுதல் கெடும், அப்போது குழப்பம் இரட்டிப்பாகும்.