முதுகுப்பைக்கு ரெயின் கவர் மட்டும் போதுமா?

கேள்வி: ஆகஸ்ட்டில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். 50 லிட்டர் முதுகுப்பை, கூடவே ரெயின் கவரும் இருக்கிறது. கடைக்காரர் நான்கு டிரை பேக் (வாயைச் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத பை) வாங்கச் சொல்கிறார். தேவையா?

பதில்: நான்கு வேண்டாம், ஒன்று போதும். ஆனால் ரெயின் கவரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது முதுகோடு ஒட்டும் பக்கத்தை மூடுவதில்லை. கழுத்து வழியே இறங்கும் தண்ணீர் முதுகுப் பஞ்சில் ஊறி, தையல் துளைகள் வழியாக உள்ளே போகும். மிச்சம் கவரின் அடியில் தேங்கும். வடிகால் துளை இல்லாத கவர் என்றால் பையின் அடிப்பாகம் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும். வண்டிச் சாலை முடியும் பூல்னாவிலிருந்து, இரவு தங்கும் ஊரான காங்கரியாவுக்குச் சுமார் 10 கி.மீ. ஏற வேண்டும். அத்தனை நேரம் மழை பெய்தால் கவர் தாங்காது.

நீங்கள் முதலில் வாங்க வேண்டியது உள்ளுறை, அதாவது முதுகுப்பைக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் உறை. பேக்கிங் பொருள் கடையில் 24 x 36 அங்குல எல்.டி. கவர் (பாலித்தீன் பை), 400 கேஜ் தடிமனில் கேளுங்கள். அதாவது 100 மைக்ரான். மெல்லிய குப்பைப் பை வேண்டாம், டார்ச் முனை குத்தினாலே கிழியும். காலிப் பைக்குள் உறையை விரித்து, அதனுள் பொருள்களை அடுக்கி, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். முடிச்சுப் போட்டால் விறைத்த விரல்களால் அவிழ்க்க முடியாது.

நனைந்த ரெயின்கோட், ஈரத் துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் உறைக்கு வெளியேதான். ஒரே ஒரு ஈரச் சட்டையை உள்ளே வைத்து மூடினாலும் அந்த ஈரம் மற்ற துணிகளுக்கு ஏறிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

டிரை பேக் 10 லிட்டர் அளவில் இருக்கட்டும். இரவு உடை, ஸ்வெட்டர், ஒரு ஜோடி சாக்ஸ் மட்டும் அதில். நடக்கும்போது எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடாதீர்கள். காங்கரியா 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இரவுக் குளிருக்குக் காய்ந்த உடை இல்லாமல் சமாளிக்க முடியாது. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பினால் வாயை மூன்று சுற்றுச் சுருட்ட இடம் இருக்காது, கசியும். வாங்கியதும் காற்றடைத்துச் சுருட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் பில்லோடு போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

பையைக் கோவேறு கழுதையில் ஏற்றுவதானால் கயிறு உராய்ந்து ரெயின் கவர் கிழியும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, பையை உரச்சாக்கில் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். செல்போனும் அடையாள அட்டையும் ஜிப் கவரில், உங்கள் உடம்போடு இருக்கட்டும்.