பூட்ஸ் வெள்ளையாய்த்தான் இருக்கிறது, ஆனால் மாற்றச் சொல்கிறார்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் கனடாவில் மார்க்கம் நகரில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, கிழமைக்கு நாலு நாள் ஃபிகர் ஸ்கேட்டிங், இப்போது ஆக்ஸல் (முன்னோக்கிக் கிளம்பிக் காற்றில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றும் குதிப்பு) பழகுகிறாள். போன வருஷம் செப்டெம்பரில் வாங்கிய பூட்ஸ். அளவு இன்னும் சரி, நாலைந்து கீறலைத் தவிரப் பார்க்கப் புதிது போலவே இருக்கிறது. ஆனால் கோச் "இது உடைஞ்சு போச்சு, மாத்துங்கோ" என்கிறா. அவ சொல்லும் மொடல், பிளேடு இல்லாமல் பூட்ஸ் மட்டுமே ஆயிரம் டொலருக்கு மேல். இவரோ "கடைக்காரனோட சேர்ந்து கதைக்கிறா" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது தங்கச்சி. பூட்ஸ் போய்விட்டதா என்பது ஒன்று, அந்த ஆயிரம் டொலர் மொடல்தான் வேண்டுமா என்பது இன்னொன்று. முதலாவதில் கோச் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இரண்டாவதில் உங்கள் வீட்டுக்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் மேற்தோலைப் பார்ப்பதை விடுங்கள். கீறல் என்பது மற்றக் காலின் பிளேடு பட்டு வருவது, எல்லாருக்கும் வரும், வெள்ளைப் பொலிஷ் பூசினால் மறைந்துவிடும். பூட்ஸின் வேலை, கணுக்கால் முன்பக்கமாக மடிய விட்டுக்கொண்டு பக்கவாட்டில் சரியாமல் பிடிப்பது, அந்தப் பிடி வருவது உள்ளே ஒட்டியிருக்கும் விறைப்பான அடுக்குகளில் இருந்து. மகள் ஒவ்வொரு தடவையும் குதித்து ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த ஒரு மடிப்பில் விழுகிறது, அதுவும் ஒரு வகுப்பில் ஒரு தடவையா இரண்டு தடவையா, ஆக்ஸல் பழகும் பிள்ளை அதையே திரும்பத் திரும்பக் குதித்துக்கொண்டிருக்கும். அதனால் இறங்கும் காலின் பூட்ஸ்தான் முதலில் போகும். இடப்பக்கமாகச் சுழலும் பிள்ளைகளுக்கு, அதாவது பெரும்பாலானவர்களுக்கு, அது வலது கால். வலதையும் இடதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே பாதி விடை தெரிந்துவிடும்.

இரண்டு பூட்ஸையும் பிளேட்டுக்கு உறை போட்டு மேசையில் நிறுத்தி, லேஸை நன்றாகத் தளர்த்திவிட்டுப் பின்னால் இருந்து பாருங்கள். குதிக்காலுக்கு மேலே உள்ள பகுதி நேராக நிற்கிறதா, உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்கிறதா? அப்புறம் கணுக்கால் மடிப்பில் இரண்டு பக்கமும் கையால் அமர்த்துங்கள். நல்ல பூட்ஸ் எதிர்த்து நிற்கும். செத்த பூட்ஸ் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி மாதிரி மடங்கிக்கொடுக்கும். கடைக்குப் போனால் அதே மொடலின் புதியதையும் அமர்த்திப் பாருங்கள், வித்தியாசம் கைக்கே விளங்கும். மடிப்பு இருப்பது பிழையில்லை என்பதையும் சொல்லவேண்டும். மடிப்பு விழாத பூட்ஸ் இன்னும் பழகாத பூட்ஸ், அதைப் பார்த்துப் பயந்து மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். கணுக்காலுக்கு முன்னால் மேலோட்டமாக ஒன்றிரண்டு சுருக்கம் இருந்தால் அது பழகியதன் அடையாளம். அதுவே ஆழமாகி, பக்கவாட்டிலும் ஓடி, தோல் அந்த இடத்தில் துணி போல மெத்தென்று ஆகிவிட்டால் முடிந்தது.

பிறகு மகளுக்குப் போட்டு, அவள் வழமையாகக் கட்டும் இறுக்கத்தில் கட்டச் சொல்லுங்கள். முன்னால் லேஸ் ஓட்டை வரிசை இரண்டுக்கும் நடுவே புதிதில் இரண்டு விரல் அளவுக்கு இடைவெளி இருந்திருக்கும். இப்போது இரண்டு ஓரமும் கிட்டத்தட்ட முட்டினால் பூட்ஸ் அகன்று தொய்ந்துவிட்டது, இனி எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. வகுப்பின் நடுவே இரண்டு மூன்று தடவை வெளியே வந்து லேஸை இறுக்குகிறாளா என்றும் கேளுங்கள், அது நல்ல தடயம். பாதத்தின் உள்வளைவில் புதிதாக நோவு, முன்பு சுத்தமாக இறங்கிய சின்னக் குதிப்புகளிலேயே தள்ளாட்டம், ஒற்றைக் காலில் வளைவாகப் போகும்போது கோடு நடுங்குவது, இதையெல்லாம் கோச் உங்களுக்கு முன்னமே கண்டிருப்பா. தினமும் பார்ப்பவரின் கண்ணுக்கு மதிப்புக் கொடுங்கள்.

ஆனால் காசை எடுக்க முதல் ஒரு வேலை. இதே தள்ளாட்டம் பிளேட்டாலும் வரும். உள் விளிம்பும் வெளி விளிம்பும் ஒரே உயரத்தில் தீட்டப்படாமல் இருந்தாலோ, திருகாணி தளர்ந்து பிளேட் ஆடினாலோ, பிளேட் நடுக்கோட்டில் இருந்து விலகிப் பூட்டப்பட்டிருந்தாலோ, பிள்ளை ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருக்கும், எல்லாரும் பூட்ஸைக் குறை சொல்வார்கள். ஃபிகர் பிளேட் தீட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஹொக்கி ஸ்கேட் மட்டும் தீட்டுபவரிடம் வேண்டாம், பிளேட்டின் முனையில் இருக்கும் முன்பல்லை அரைத்துத் தந்துவிடுவார். பூட்ஸ் விற்காத தீட்டுபவர் கிடைத்தால் இன்னும் நல்லது. "இந்தப் பூட்ஸ் எப்படி இருக்கு?" என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகமும் அதோடு தீரும்.

சரி, மொடல். பூட்ஸ் கொம்பனிகள் எல்லாமே விறைப்பை வைத்துப் படிப்படியாக அடுக்கியிருப்பார்கள். இத்தாலியின் எடியாவை எடுத்தால் ஓவர்ச்சர், கோரஸ், கொன்செர்ட்டோ, ஐஸ் ஃப்ளை, பியானோ என்று போகும், கனடாவின் ஜாக்சனிலும் அமெரிக்காவின் ரீடெலிலும் இதே மாதிரி ஏணி உண்டு. ஆக்ஸலும் முதல் டபிள்களும் (காற்றில் இரண்டு சுற்று) பழகும் 11 வயதுப் பிள்ளைக்கு அந்த ஏணியின் நடுப்படி பொதுவாகக் காணும். எடையும் பார்க்கவேண்டும், ஒரே குதிப்பைக் குதிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒல்லியானவளுக்கு மென்மையான பூட்ஸ் போதுமாக இருக்கும். "எப்படியும் பிறகு தேவைப்படும்தானே" என்று இரண்டு படி தாண்டி வாங்கினால் கணுக்கால் மடியாது, முழங்காலும் மடியாது, விறைத்த காலோடு இறங்குவாள், குதிக்காலில் புடைப்பு வரும், அதைப் பழக்கி முடிப்பதற்குள் கால் வளர்ந்துவிடும். ஆகவே கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: "இதற்கு ஒரு படி கீழே உள்ளது ஏன் காணாது?" காரணம் சொல்லக்கூடியவர் சொல்வார். "நல்ல பிராண்ட்" என்பது காரணமில்லை.

பதினாலு பதினைந்து மாதம், கிழமைக்கு நாலு நாள், குதிப்போடு என்றால் அது ஒன்றும் குறைந்த ஆயுள் இல்லை, ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். டிரிபிள் குதிப்பவர்கள் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் மாற்றுகிறார்கள். போட்டியோ டெஸ்ட்டோ அடுத்த மாதம் இருந்தால் அது முடியும் வரை பொறுங்கள், கணுக்காலில் நோவு இல்லையென்றால் மட்டும். புதியது காலுக்குப் பழகச் சில கிழமை பிடிக்கும். கடையில் சூடாக்கிக் காலுக்கேற்ப வளைத்துத் தருவார்கள், ஆனால் பழைய பூட்ஸைத் திரும்பச் சூடாக்கினால் விறைப்பு வராது, அப்படி யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

லேஸை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள், அது சில டொலர்தான். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் டோன்யா ஹார்டிங் லேஸ் பிரச்சினையால் பாதியில் நின்று நடுவர்களிடம் காலைத் தூக்கிக் காட்டி அழுததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கேள்வி: மகனுக்கு 7 வயது, கான்ஸ்கேட் என்ற ஆரம்ப ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிதாக எடுத்து இரண்டு சொக்ஸ் போட்டு விடலாம் என்று மாமியார் சொல்கிறா. இரண்டு வருஷம் ஓடுமா?

பதில்: பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு மாமியார் சொல்வது சரி. ஸ்கேட்டுக்குச் சரிவராது. பெரிய பூட்ஸில் குதிக்கால் மேலே எழும்பும், கணுக்கால் மடிய வேண்டிய இடமும் பூட்ஸ் மடியும் இடமும் வேறு வேறாகிவிடும், பூட்ஸ் பிழையான இடத்தில் உடையும், பிள்ளையும் தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அரை சைஸ் கூடுதலாக எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இலகுவான சோதனை: லேஸைத் தளர்த்தி விரல்கள் முன்னால் முட்டும்வரை காலை முன்னே தள்ளச் சொல்லுங்கள், குதிக்காலுக்குப் பின்னால் ஒரு பென்சில் நுழைந்தால் போதும், உங்கள் விரலே தாராளமாகப் போனால் பெரிசு. கட்டி நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட்டு, முழங்காலை மடிக்கும்போது விலகவேண்டும். சொக்ஸ் மெல்லியதாக ஒன்று மட்டும். தடித்த சொக்ஸ் சூடு தரும் என்பார்கள், உண்மையில் இறுக்கத்தில் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் குளிரும். ஸ்கேட் நம்பரும் சாதாரணச் சப்பாத்து நம்பரும் ஒன்றில்லை, அனேகமாகச் சிறியதாக வரும், அதனால் அளந்துதான் எடுக்கவேண்டும்.

இந்த வயதில் பூட்ஸ் உடையும் முன்னமே காலுக்குச் சிறிதாகிவிடும். ஆகவே மாற்றும் நேரத்தைக் காலே சொல்லும்: விரல் மடங்கியிருப்பது, நகம் கறுப்பது, "கால் விறைக்குது" என்று ஒவ்வொரு கிழமையும் அழுவது. ஒன்றை மட்டும் தவிருங்கள், பெரிய கடைகளில் பெட்டியில் அடுக்கி விற்கும் மெல்லிய வினைல் ஸ்கேட். மேல்பகுதியைக் கையால் மடித்தால் மடிந்துவிடும், அது வாங்கும் நாளிலேயே உடைந்த பூட்ஸ். அதைவிட நல்ல கொம்பனியின் பழையது எவ்வளவோ மேல். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய பொருள் விற்கும் கிஜிஜி இணையத்தளத்தில் ஒரு ஜாக்சன் பூட்ஸ் பாதி விலைக்குப் போகிறது, "ஒரு சீசன் மட்டும் பாவித்தது" என்று போட்டிருக்கிறார்கள். மகளுக்கு 9 வயது, கிழமைக்கு இரண்டு நாள், சிங்கிள் குதிப்புகள். எடுக்கலாமா?

பதில்: ஒரு சீசன் என்றால் ஒன்றும் விளங்காது. கிழமைக்கு ஒரு மணித்தியாலமும் ஒரு சீசன்தான், ஆறு நாளும் ஒரு சீசன்தான். "அந்தப் பிள்ளை என்ன குதிப்பு குதித்தது, ஏன் விற்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கால் வளர்ந்துவிட்டது என்றால் நல்ல பதில். அடுத்த மட்டத்துக்கு மாறினாள் என்றால் பூட்ஸ் அனேகமாகப் பிழிந்தெடுக்கப்பட்டிருக்கும். படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாமல் நேரில் போங்கள், மேலே சொன்ன அமர்த்தல் சோதனையைச் செய்யுங்கள், பின்னால் இருந்து சாய்வைப் பாருங்கள், ஏனென்றால் முந்தின பிள்ளையின் கால் சாய்ந்த பக்கமே உங்கள் பிள்ளையையும் இழுக்கும். உள்ளே கையை விட்டுக் குதிக்கால் பக்கம் துணி கிழிந்திருக்கிறதா, நாக்குப் பஞ்சு ஒரு கோட்டில் நசுங்கிப் போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அடியைத் திருப்பினால் தோல் அடி ஈரத்தில் ஊறிக் கறுத்து, திருகாணி சுற்றிக்கொண்டே இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பாதி விலை நல்ல விலை, எடுங்கள்.

கேள்வி: புதிய பூட்ஸ் வாங்கினால் பழைய பிளேட்டை அதில் பூட்டலாமா? தனியாக வாங்கினால் அதுவே நானூறு ஐநூறு வருகிறதே.

பதில்: பூட்டலாம், இரண்டு விஷயம் சரியென்றால். ஒன்று நீளம்: பிளேட்டின் தகடு புதிய பூட்ஸின் அடிக்குச் சற்றே உள்ளடங்கி நிற்கவேண்டும். அரை சைஸ் கூடியிருந்தால் பல தடவை அதே பிளேட் பொருந்தும், ஒரு சைஸுக்கு மேல் கூடினால் கஷ்டம். மற்றது, மிச்சமிருக்கும் இரும்பு. தீட்டத் தீட்டப் பிளேட் தேயும், முன்பல்லுக்கும் தரைக்கும் உள்ள தூரம் குறையும், பிளேட்டின் வளைவே மாறிவிடும். தீட்டுபவரிடம் "இன்னும் எத்தனை தீட்டல் தாங்கும்?" என்று கேட்டால் பார்த்துச் சொல்வார். பூட்டும்போது முதலில் சில திருகாணி மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள், பிள்ளை சில நாள் ஓடிப் பார்த்து, சாய்கிறது என்றால் நகர்த்திவிட்டு மிச்சத்தைப் பிறகு இறுக்கலாம். முதல் நாளே எல்லா ஓட்டையும் போட்டுத் தருபவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஸ்கேட் பண்ணுகிறேன், குதிப்பதில்லை. என் பூட்ஸையும் மாற்றவேண்டுமா?

பதில்: கணுக்கால் நேராக நிற்கிறது, நோவில்லை என்றால் தேவையில்லை, இன்னும் சில வருஷம் ஓடும். உங்கள் பூட்ஸ் குதித்து உடையப்போவதில்லை, ஈரத்தில் உக்கித்தான் போகும். ஓடி முடிந்ததும் பிளேட்டையும் அடியையும் துணியால் துடைத்து, உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை வெளியே எடுத்துக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும், அதோடே பையில் வைத்தால் துருப்பிடிக்கும், பையில் துணி உறை போடுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம், தோலும் பசையும் காய்ந்து வெடிக்கும். சீசன் தொடங்க முதல் ஒரு தடவை திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள், ஏதாவது பிடிக்காமல் சுற்றினால் ஓட்டையைக் குச்சியும் பசையும் வைத்து அடைத்துத் திரும்பப் பூட்டித் தருவார்கள், அதற்காகப் புதிய பூட்ஸ் வாங்கத் தேவையில்லை.