16,000 ரூபாய்க்கு நாலு ஸ்லிக் டயர்: வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் பழைய போலோ கார் இருக்கிறது. டயர் 185/60 R15. கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தய டிராக்கில் ஒருமுறை ஓட்டினேன், சொந்தக் காரை அங்கே ஓட்டிப் பார்க்கும் அடுத்த ‘டிராக் டே’ நாளுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். ரேஸ் டீம் ஒன்று ஓட்டிக் கழித்த ஸ்லிக் டயர் நாலு, 16,000 ரூபாய்க்கு ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? “மொட்டை டயரைக் காசு குடுத்து வாங்குவியாலே?” என்கிறார் அப்பா.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். ஆனால் அப்பா சொல்லும் காரணம் வேறு, நான் சொல்லும் காரணம் வேறு. தேய்ந்து மொட்டையான சாலை டயரில் மிஞ்சியிருப்பது கெட்டி ரப்பரின் அடிப்பகுதி. ஸ்லிக் டயர் மேலே வெட்டுக் கோடுகள், அதாவது பட்டனே, இல்லாமல் வார்க்கப்பட்டது. கலவை மிருது, அகலம் முழுவதும் தரையில் படியும். காய்ந்த டிராக்கில் சூடேறிவிட்டால் அதன் பிடிப்பே தனி. பொதுவாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை ஏறினால்தான் அது வேலை செய்யும். முதல் சுற்றில் ஆறிக் கிடக்கும்போது உங்கள் இப்போதைய டயரைவிட மோசமாக வழுக்கலாம்.

இன்னொன்று: சாலை டயர் பிடி விடுவதற்கு முன் கீச்சிட்டு எச்சரிக்கும். ஸ்லிக் பெரும்பாலும் கடைசிவரை அமைதியாக இருந்துவிட்டுச் சட்டென்று கைவிடும். இரண்டாவது முறை டிராக்கில் இறங்குபவருக்கு அந்தக் கீச்சொலிதான் வாத்தியார்.

டீம் கழித்த டயரில் பட்டன் ஆழம் பார்க்க முடியாது. மேற்பரப்பில் சிறு குழிகள் இருக்கும், ரப்பர் எவ்வளவு மிச்சம் என்பதை அவற்றை வைத்துத்தான் அளப்பார்கள். ஆழம் இருந்தாலும் உயிர் இருக்கும் என்பதில்லை. சூடேறி ஆறும் ஒவ்வொரு தடவையும் ரப்பர் கொஞ்சம் இறுகும். நகத்தை அழுத்திப் பாருங்கள்; தடம் விழாமல், தொட்டால் பிளாஸ்டிக் போல இருந்தால் அதன் கதை முடிந்தது. போட்டோவில் இது எதுவும் தெரியாது. அளவையும் கேளுங்கள். ஸ்லிக்கில் 200/580-15 என்கிற மாதிரி எழுதியிருக்கும். 580 என்பது மில்லிமீட்டரில் வெளிவிட்டம். உங்கள் டயரின் வெளிவிட்டம் 603. கார் தாழும், ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும். அகலத்தால் வீல் ஆர்ச்சில் உரசுமா என்பதை மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

விலை 16,000 என்று நினைக்காதீர்கள். சாலையில் ஸ்லிக் போட்டு ஓட்டக் கூடாது. கார் டயருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும் என்பது விதி. ஆக, தனியாக நாலு ரிம், மாட்டும் கூலி, ஜாக்கி, பின் சீட்டை மடக்கி நாலு வீலையும் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழி தாண்டி, திருநெல்வேலி, மதுரை வழியாகக் கோவை வரை போகிற பாடு. அங்கே போய் மழை பிடித்தால் நாலும் சுமைதான், தண்ணீரை வெளியேற்ற அதில் ஒரு கோடுகூட இல்லை. ஆண்டில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற குமரிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிடிப்பு கூடினால் வளைவில் காரின் மேல் விழும் விசையும் கூடும். என்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும், என்ஜின் பேரிங் போகும். வீல் பேரிங்குக்கும் சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கும் அதே கதி.

அந்தப் பணத்தை முதலில் பிரேக்கில் போடுங்கள். புதிய டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிப் பழையதானால் 155 வரை இறங்கலாம். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டிராக்கில் பிரேக் பெடல் தரையைத் தொடுவதற்குப் பெரும்பாலும் ஆயில் இப்படிக் கொதிப்பதுதான் காரணம். நல்ல பிரேக் பேடும் போடுங்கள். டயர்தான் வேண்டுமென்றால், யோகோஹாமா ஏ052, டோயோ ஆர்888ஆர் போன்ற பட்டன் உள்ள டிராக் டயர் போதும். விலை அதிகம், சீக்கிரம் தேயும், ஆனால் எதற்குப் பணம் கொடுத்தோம் என்பது தெரியும்.

கிளம்புமுன் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் படியுங்கள். சாதாரண பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கப்பட்டிருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் செலவு உங்கள் தலையில்தான்.

கேள்வி: ஆன்லைன் கடையில் “புது டயர்” என்று வாங்கினேன். பக்கவாட்டில் 1419 என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், தக்கலை

பதில்: 2019-ஆம் ஆண்டின் 14-வது வாரம் தயாரித்தது என்று பொருள். பில், விளம்பரப் படம், அந்த எண்ணின் போட்டோ மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் கடைக்காரர் அல்லாத தனிநபரிடம் பழசாக வாங்கியிருந்தால் இந்த வழி எடுபடாது. மார்த்தாண்டம் வாசகரும் இதைக் கவனிக்கவும்.