ஸ்பானிஷ் தெரியாமல் 'மானோஸ் கெல்லி' படிக்கலாமா?

கேள்வி: டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் போன்ற கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். ஸ்பெயினின் பழைய வெஸ்டர்ன் காமிக்ஸான 'மானோஸ் கெல்லி' ஆல்பம் ஒன்று விலைக்கு வருகிறது. ஸ்பானிஷ் சுத்தமாகத் தெரியாது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஸ்பானிய ஓவியர்கள் உங்களுக்குப் புதியவர்களும் அல்ல. டெக்ஸ் இத்தாலியத் தொடர்தான், ஆனால் அதற்கு வரைந்த ஹோசே ஓர்டிஸும் அல்ஃபோன்சோ ஃபோன்ட்டும் ஸ்பெயின்காரர்கள்.

மாட்ரிட்காரரான அந்தோனியோ எர்னாண்டெஸ் பலாசியோஸ் 1970-இல் 'ட்ரிங்கா' என்ற ஸ்பானிய காமிக்ஸ் இதழில் தொடங்கிய தொடர் இது. படத்துக்காகவே வாங்கலாம். பாறை, தோல் சட்டை, குதிரையின் பிடரி என எல்லாவற்றையும் பொடிப் பொடிக் கோடுகளாலேயே இழைத்திருப்பார். அதன் மேல் ஊதாவையும் ஆரஞ்சையும் துணிந்து பூசுவார். வேகமாகப் பக்கம் புரட்டினால் பாதி போய்விடும்.

மொழியைவிட முக்கியம், வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது. 1846-இல் தொடங்கிய அமெரிக்க–மெக்சிகோ போர் 1848 பிப்ரவரியில் குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தோடு முடிந்தது. கலிபோர்னியா, நியூ மெக்சிகோ எல்லாம் அமெரிக்கா வசம் போயின. அங்கே தலைமுறைகளாக ஸ்பானிஷ் பேசி வாழ்ந்தவர்கள் ஒரே கையெழுத்தில் வேறு நாட்டின் ஆட்சிக்குள் வந்தார்கள். கெல்லியின் கதை அந்தப் போருக்குப் பிந்தைய காலத்தில் நடக்கிறது. ஸ்பானிய வெஸ்டர்ன்களில் எனக்குப் பிடித்ததே இந்தக் கோணம்தான். ஹோசே மயோர்க்கி 1940-களில் உருவாக்கிய 'எல் கொயோட்டே' நாவல் தொடரின் நாயகனும் அமெரிக்க ஆட்சிக்குள் வந்த கலிபோர்னியாவின் பண்ணையார்தான்.

சரி, எப்படிப் படிப்பது? முதலில் வசனத்தைத் தொடாமல் ஆல்பம் முழுக்கப் படங்களைப் பாருங்கள். அப்புறம் பக்கம் பக்கமாக மொழிபெயர்ப்புச் செயலியை நாடலாம். கையால் எழுதிய எழுத்துகளை போன் கேமரா அடிக்கடி தப்பாகப் படிக்கும். குழப்பமான வசன பலூனை நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன், பகல் வெளிச்சத்தில் எடுத்த உள்பக்கப் படங்களைக் கேளுங்கள். நிறம் வெளுத்த பிரதி என்றால் இந்த ஓவியரின் ஆல்பத்தை வாங்கிப் பயனில்லை. இதழில் தொடராக வந்தது என்பதால், கையில் வருவது எத்தனையாவது ஆல்பம், கதை அதிலேயே முடிகிறதா என்றும் விசாரியுங்கள்.

பாதிக் கதைதான் என்றால், அதே ஓவியர் 1974 முதல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜான்-பியர் கூர்மெலனோடு செய்த 'மக் காய்' என்ற வெஸ்டர்ன் தொடரின் பக்கம் போகலாம். குதிரைப்படை வீரனான டைகரின் கதைகளைப் படித்தவருக்கு அந்தக் குதிரைப்படை உலகம் உடனே பிடிபடும்.