குடும்பத்தோடு முதல் குதிரைப் பந்தயம்: இரண்டு நிமிட ஓட்டமும் அரை மணி இடைவெளியும்

கேள்வி: நாங்கள் லண்டன் டூட்டிங்கில் வசிக்கிறோம். பதினொரு வயதில் ஒரு மகள், ஆறு வயதில் ஒரு மகன். ஊரிலிருந்து என் அம்மா வந்து நிற்கிறார். மகளுக்குக் குதிரை என்றால் உயிர் என்பதால், இந்தக் கோடை விடுமுறையில் எஷரில் உள்ள சாண்டவுன் பார்க் மைதானத்துக்குப் போகலாம் என்கிறார் கணவர். எங்களில் ஒருவரும் இதுவரை பந்தய மைதானத்தை மிதித்ததில்லை. “சூதாடுகிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோவதா?” என்று அம்மா கேட்கிறார். அங்கே போனால் கட்டாயம் பணம் கட்ட வேண்டுமா? நாள் முழுவதும் பிள்ளைகளைச் சமாளிக்க முடியுமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதன்முறை போகிறவர்கள் ஏமாற்றம் அடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஒரு பந்தய நாளில் வழக்கமாக ஆறு முதல் எட்டு ஓட்டங்கள் நடக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ அரை மணி நேரம் இருக்கும். ஐந்து பர்லாங், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர், ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பத்துப் பர்லாங் ஓட்டத்துக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே ஐந்து மணி நேரம் மைதானத்தில் நின்றாலும் குதிரைகள் ஓடுவதை நீங்கள் பார்க்கப்போவது மொத்தம் கால் மணி நேரம்கூட இல்லை. மீதி நேரம் முழுவதும் இடைவெளி. அந்த இடைவெளியில் என்ன செய்வது என்று தெரிந்த குடும்பத்துக்கு அது நல்ல நாள். தெரியாத குடும்பம் சிப்ஸ் கடை வரிசையில் நிற்கும், அல்லது பணம் கட்டும் வரிசையில் நிற்கும்.

அம்மாவின் தயக்கம் நியாயமானது. அதை மழுப்பத் தேவையில்லை. பிரித்தானியக் குதிரைப் பந்தயம் பந்தயப் பணத்தோடு பின்னிப் பிணைந்தது. ஆனால் உள்ளே நுழைந்தவர் எவரும் பணம் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நுழைவுச் சீட்டு என்பது பார்ப்பதற்கான சீட்டு மட்டுமே. 18 வயதுக்குட்பட்டவர்கள் பந்தயம் கட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. அவர்களுக்காகப் பெரியவர்கள் கட்டிக் கொடுப்பதும் கூடாது. சாண்டவுனைப் பொறுத்தவரை அம்மாவுக்குச் சொல்ல ஒரு வரலாறும் உண்டு. சாண்டவுன் திறக்கப்படுவதற்கு முன்பெல்லாம் பந்தயங்கள் திறந்த வெளிகளிலேயே நடந்தன. குடியும் திருட்டும் மலிந்திருந்த அந்தக் கூட்டத்துக்குள் குடும்பப் பெண்கள் போகத் தயங்கினார்கள். 1875இல் திறக்கப்பட்ட சாண்டவுன்தான் இங்கிலாந்தில் முதன்முதலாக வேலியடைத்து, எல்லாரிடமும் கட்டணம் வாங்கி உள்ளே விட்ட மைதானம். பெண்களும் அச்சமின்றி வந்துபோகக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கங்களில் ஒன்று.

எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: முதல் தடவை சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள், தடை தாண்டும் ஓட்டங்களை விட்டுவிட்டு, சமதள ஓட்டங்கள் நடக்கும் பகல் நாளையே தேர்ந்தெடுக்க வேண்டும். கோடையில் சாண்டவுனில் நடப்பவை சமதள ஓட்டங்களே. தடை ஓட்டம் அழகானதுதான். ஆனால் குதிரைகள் விழும் வாய்ப்பு அதில் அதிகம், சில வேளைகளில் உயிரிழப்பும் நேர்கிறது. சமதள ஓட்டத்திலும் விபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஓடும் குதிரைகளைப் பின்தொடர்ந்து மிருக வைத்தியர்கள் வாகனத்தில் செல்வதும், ஒரு குதிரை காயப்பட்டால் அதைச் சுற்றிப் பச்சைத் திரை நிறுத்துவதும் வழக்கம். திரை எழுந்ததைக் கண்டு உங்கள் மகள் கேட்டால், வைத்தியர் பார்க்கிறார், காயம் பெரிதா சிறிதா என்று இன்னும் தெரியாது என்று உண்மையையே சொல்லுங்கள். சாட்டையைப் பற்றியும் கேட்பாள். மென்மையான உறை போட்ட சாட்டையைத்தான் குதிரையோட்டிகளான ஜொக்கிகள் பயன்படுத்தலாம். 2023இல் வந்த விதிப்படி சமதள ஓட்டமொன்றில் அதை ஆறு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் தண்டனை உண்டு. அது போதுமா என்ற விவாதம் இந்த நாட்டிலேயே இன்னும் ஓயவில்லை என்பதையும் பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாம்.

ஜூலைத் தொடக்கத்தில் வரும் எக்லிப்ஸ் பந்தய நாள் சாண்டவுனின் ஆண்டுத் திருவிழா. 18ஆம் நூற்றாண்டில் தான் ஓடிய எல்லாப் பந்தயங்களிலும் வென்ற எக்லிப்ஸ் என்ற குதிரையின் பெயரில், 1886 முதல் நடந்து வருவது. கூட்டம் நெரியும் என்பதால் அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இசை நிகழ்ச்சியோடு சேர்த்து நடக்கும் மாலைப் பந்தயங்களும் இளைஞர் கூட்டத்துக்கும் மதுவுக்குமானவை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அல்ல. சாதாரணப் பகல் நாளொன்றில் மைதானம் பாதிதான் நிறைந்திருக்கும், முன்வரிசைக் கம்பியருகே இடமும் எளிதாகக் கிடைக்கும்.

பெரியவருடன் வரும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்நாட்டு மைதானங்களில் பெரும்பாலான நாட்களில் கட்டணம் இல்லை. ஆனாலும் சீட்டுப் பதிவு செய்யும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் வாசல் விலையைவிடக் குறைவாக இருக்கும். அதிக விலைப் பகுதி தேவையில்லை. சாண்டவுனின் பார்வையாளர் மாடம் ஒரு குன்றின் சரிவில் இருப்பதால், சாதாரணச் சீட்டு எடுத்தவர்களும் ஏறத்தாழ முழு ஓடுபாதையையும் நின்ற இடத்திலிருந்தே காணலாம். பல மைதானங்களில் பாதி ஓட்டத்தைத் திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கும். பிள்ளைகளோடு போக சாண்டவுனை நான் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். எதிர்ப்பக்க நேர்பாதையின் ஓரமாக வாட்டர்லூ ரயில்கள் ஓடும். உங்கள் மகனுக்குக் குதிரைகள் சலித்துப்போனால் ரயில்கள் கைகொடுக்கும்.

உடை பற்றிக் கவலைப்பட வேண்டாம். ராஜ குடும்பம் வரும் அஸ்கொட் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தொப்பி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விதிகள் அங்குள்ள குறிப்பிட்ட சில பகுதிகளுக்கானவை, அங்கேயும் வெளிநாட்டு விருந்தினர் தம் தேசிய உடையில் வரலாம். சாதாரண நாளில் சுத்தமான, வசதியான உடை போதும். அம்மா சேலையில் தாராளமாக வரலாம், காலணி மட்டும் புல்லில் நடக்க ஏற்றதாக இருக்கட்டும். வெளிச் சாப்பாடு கொண்டுவர அனுமதி உண்டா என்பது மைதானத்துக்கு மைதானம் வேறுபடும். அந்த நாளுக்கான விதியை அவர்களுடைய இணையத்தளத்தில் பார்த்துவிட்டே இடியப்பத்தைக் கட்டுங்கள். கண்ணாடிப் போத்தலும் மதுவும் எப்படியும் தவிர்க்க வேண்டியவை.

இனி அந்த அரை மணி நேரத்துக்கு வருவோம். மாடத்துக்குப் பின்புறம் வட்டமான நடைபாதை ஒன்று உண்டு. அதற்கு பரேட் ரிங் என்று பெயர். ஓட்டத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் இருக்கும்போது, பராமரிப்பாளர்கள் கடிவாளம் பிடித்து நடத்திவர, அடுத்த ஓட்டத்துக்கான குதிரைகள் அங்கே சுற்றத் தொடங்கும். பின்னர் வண்ணச் சட்டை அணிந்த ஜொக்கிகள் வந்து ஏறிக்கொள்வார்கள். ரொடோடென்ட்ரன் செடிகள் அடர்ந்த நடைபாதை வழியே குதிரைகள் ஓடுபாதைக்குப் போகும். உங்கள் மகள் தேடிவரும் காட்சி இதுதான். மூச்சு விடும் ஓசை கேட்கும் தூரத்தில் நின்று பார்க்கலாம். கழுத்திலும் தொடைகளுக்கிடையிலும் வெள்ளை நுரையாக வியர்த்திருக்கும் குதிரை பதற்றத்தில் சக்தியை வீணாக்குகிறது என்று பொருள். காதுகளை முன்னால் நிமிர்த்தி, நீள எட்டு வைத்து, கயிற்றை இழுக்காமல் நடப்பது அமைதியாக இருக்கிறது. சிலவற்றின் தலையில் சிவப்பு முக்காடு போட்டிருப்பார்கள். கூட்டத்தின் சத்தத்தை மட்டுப்படுத்துவதற்கானது அது. அந்த வட்டத்தருகே குடையை விரிக்கக் கூடாது, பிள்ளைகள் கத்தக் கூடாது, கம்பிக்குள் கை நீட்டக் கூடாது, பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. மிரண்ட குதிரை பின்னங்காலால் உதைக்கும். அரை தொன் எடையுள்ள விலங்கின் உதை அது.

உள்ளே நுழைந்ததும் ரேஸ்கார்ட் எனப்படும் நிரற்புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா இதைப் படிப்பதில் உங்களை வென்றுவிடுவார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிரித்தானியப் பந்தயம் இன்னும் பழைய அளவைகளிலேயே நடக்கிறது. தூரம் பர்லாங்கில் இருக்கும்: எட்டுப் பர்லாங் ஒரு மைல், ஒரு பர்லாங் ஏறத்தாழ 201 மீற்றர். குதிரை சுமக்கும் எடை ஸ்டோனிலும் இறாத்தலிலும் இருக்கும். 14 இறாத்தல் ஒரு ஸ்டோன். இறாத்தல் கணக்கில் பாண் வாங்கிப் பழகிய தலைமுறைக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஹண்டிகப் என்ற வகை ஓட்டத்தில் திறமை கூடிய குதிரைக்குக் கூடுதல் எடை. குதிரையின் திறமைக்குக் கொடுக்கும் தரப்புள்ளி ஒன்று கூடினால் ஓர் இறாத்தல் கூடும். ஜொக்கியின் எடை அதற்குக் குறைந்தால் சேணத் துணியில் ஈயத் தகடு சொருகுவார்கள்.

குதிரையின் பெயருக்கு முன்னால் 3120-41 என்பதுபோல் ஓர் எண் வரிசை இருக்கும். அது அந்தக் குதிரை முந்தைய ஓட்டங்களில் வந்த இடங்களைக் குறிக்கிறது. வலக்கோடியில் இருப்பது ஆகப் பிந்தியது. பூச்சியம் என்றால் பத்தாவதோ அதற்கும் பின்னாலோ வந்தது என்று பொருள்; சிறு கோடு ஒரு பருவம் முடிந்து மறு பருவம் தொடங்கியதைக் காட்டும். மேலே சொன்ன குதிரை இந்தப் பருவத்தில் இருமுறை ஓடி, கடைசியாக வென்றிருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது ஓட்டத்துக்குள் இது கைவந்துவிடும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விளையாட்டு பணமில்லாதது. பரேட் ரிங்கில் ஆளுக்கொரு குதிரையைத் தெரிவு செய்து, தெரிவு செய்ததற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். முதலிடத்துக்கு ஐந்து புள்ளி, இரண்டாமிடத்துக்கு மூன்று, மூன்றாமிடத்துக்கு ஒன்று. அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டை நிறத்தை மட்டும் வைத்துத் தெரிவு செய்யும் ஆறு வயதுக்காரன் எல்லாரையும் தோற்கடிப்பதற்கும் வாய்ப்புண்டு. சாண்டவுனின் முக்கியப் பாதையில் கடைசி நான்கு பர்லாங் நேராகவும் ஏற்றமாகவும் இருப்பதால், வளைவில் முன்னால் வரும் குதிரை மூச்சு வாங்கிப் பின்தங்குவது அடிக்கடி நடக்கும். ஐந்து பர்லாங் ஓட்டத்துக்கு மைதானத்தின் நடுவே தனி நேர்பாதை உண்டு. அதுவும் முழுக்க ஏற்றமே. வெற்றிக் கம்பத்துக்கு நேரே எல்லாரும் முண்டியடிப்பார்கள். அதற்கு நூறு மீற்றர் முன்னால் கம்பியோரம் நில்லுங்கள். குளம்பொலி அங்கே நெஞ்சில் அடிக்கும்.

பெரியவர்கள் இருவரும் சிறு தொகை கட்ட விரும்பினால், வீட்டிலேயே தொகையை முடிவு செய்யுங்கள். ஏழு ஓட்டத்துக்கு இரண்டு பவுண் வீதம் ஒருவருக்குப் பதினான்கு பவுண். அதை நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து, செலவாகிவிட்ட பணமாகவே கணக்கெழுதுங்கள். தாளாக எடுத்துப் போங்கள். பந்தயம் கட்டும் கைப்பேசிச் செயலிகளை அன்று தொடவே வேண்டாம், ஏனென்றால் அந்தக் கணக்கு மைதானத்தை விட்டு வெளியே வந்தபின்னும் சட்டைப்பையில் இருக்கும். வரிசையாகப் பலகை வைத்து நின்று பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் விகிதம் சொல்வார்கள்: ஒன்றுக்கு ஐந்து என்றால், இரண்டு பவுண் கட்டி வென்றவருக்குப் பத்துப் பவுண் இலாபமும் கட்டிய இரண்டும் சேர்த்துப் பன்னிரண்டு கிடைக்கும். டோட் என்ற சாளரத்தில் எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் சேர்ந்து, நிறுவனத்தின் பங்கு கழிந்தபின் வென்றவர்களுக்குப் பிரிக்கப்படுவதால், ஓட்டம் தொடங்கும் வரை தொகை மாறிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் கூச்சமின்றிக் கேட்டுச் செய்ய டோட் எளிது. “ஈச் வே” என்று சொன்னால் வெற்றிக்கு ஒன்று, முன்னணி இடங்களில் ஒன்றில் வருவதற்கு ஒன்று என இரண்டு பந்தயம் கட்டுகிறீர்கள். இரண்டு பவுண் ஈச் வே கேட்டுவிட்டு, நான்கு பவுண் வாங்குகிறார்களே என்று திகைப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். குதிரை முதலில் வந்தாலும் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள், தோற்றாலும் உடனே எறியாதீர்கள்: ஜொக்கிகளை மறுபடி எடை போட்டுப் பார்த்து முடிவை அறிவித்த பின்புதான் பணம் தருவார்கள், விசாரணையில் வரிசை மாறுவதும் உண்டு.

சாப்பாட்டுக் கடைக்கும் கழிவறைக்கும் ஓட்டம் முடிந்த கையோடு போகாதீர்கள். மைதானமே அப்போது அங்கேதான் போகும். குதிரைகள் தொடக்கக் கூண்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில் வரிசை வெறிச்சோடிக் கிடக்கும்.

பயணத்துக்குக் காரை விட ரயிலே நல்லது. டூட்டிங்கிலிருந்து விம்பிள்டன் வந்து, எஷருக்கு நின்று நின்று போகும் ரயிலில் ஏறினால், நிலையத்திலிருந்து மைதானம் நடை தூரம்தான். முதல் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். ஏழு ஓட்டம் இருந்தால் ஆறாவதோடு கிளம்பிவிடுங்கள். கடைசி ஓட்டம் முடிந்ததும் வரும் ரயிலில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க இடம் கிடைப்பது கடினம்.