கறுப்பு வெள்ளையில் தெருப்படம்: வண்ணத்தில் எடுத்து மாற்றினால் போதாதா?

கேள்வி: பேராக்கில் ஒரு தோட்டப்புறச் சிற்றூரில் இருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் தெருப்படம் எடுக்க ஆசை. வண்ணத்தில் எடுத்துப் பிறகு மாற்றினால் போதுமா, ஃபிலிம்தான் வேண்டுமா? தெரியாதவர்களை எடுத்தால் திட்டுவார்களா?

திட்டுவார்கள். நான் வாங்கியிருக்கிறேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற காரணத்துக்காக இல்லை.

நீங்கள் புதிதாகக் கேமரா வாங்கி, நாலு வீடியோ பார்த்துவிட்டு, காலையில் கடை முன் காக்கி லீமா நடைபாதையில் பேப்பர் படிக்கும் தாத்தாவை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். நானும் அப்படித் தொடங்கியவன்தான். வீடியோ மட்டும் அப்போது கிடையாது.

ஊர் சுங்கை சிப்புட். கல்யாணப் படம் எடுப்பது பிழைப்பு. சனி ஞாயிறு மண்டபத்தில் போய்விடும் என்பதால் வார நாளில்தான் எனக்குத் தெரு. அப்போது கையில் பழைய நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா, 50 எம்எம் லென்ஸ், இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிம். வீட்டுக் குளியலறையிலேயே கழுவுவேன். ஃபிலிம் கழுவும் கோடக் டி-76 மருந்துக் கரைசலை மேலும் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம் ஊர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் 28 டிகிரிக்குக் குறைந்து வராது. அதனால் தேத்தண்ணிக் கடையில் ஐஸ் வாங்கி வந்து, பேசினில் டப்பாவை உட்கார வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஏழரை என்று கேட்டாலே நம் ஆட்களுக்கு வயிறு கலங்கும். என் ஏழரை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கண்ணாடித் துண்டிலிருந்து.

சிவப்பு ஃபில்டர். கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு முன்னால் எந்த நிறக் கண்ணாடியை மாட்டுகிறோமோ, அந்த நிறம் படத்தில் வெளுக்கும், எதிர் நிறம் கறுக்கும். சிவப்பை மாட்டினால் நீல வானம் கரியாகி, மேகம் மட்டும் பஞ்சுப் பொதி மாதிரி எழும்பி நிற்கும். நம் பக்கத்து வெளிறிய வானத்துக்கு அது ஒரு போதை. மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், அதாவது 400 வேக ஃபிலிம் 50 ஆகிவிடும். அதனால் நல்ல வெயிலில்தான் கிளம்புவேன். லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 250இல் ஒரு பங்கு வினாடி, ஃபோகஸ் மூன்று மீட்டர். மூன்றையும் முன்கூட்டியே வைத்துவிட்டால் கண்ணில் பட்டதைக் கை தானாக எடுக்கும்.

ஒரு ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலிலிருந்து ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும். பால்மரம் வெட்டிய கை என்பது பையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பின்னால் கடைகளின் கூரைக்கு மேல் மேகம் திரண்டு நின்றது. குத்துக்காலிட்டுக் கீழிருந்து ஒன்று எடுத்தேன். அவர் லென்ஸை நேராகப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நானும் கேட்கவில்லை. கேட்டால் முகம் மாறிவிடும் என்று அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த பொங்கலுக்கு ஊர் மண்டபத்தில் விழா வைத்தார்கள், ஒரு சுவரை எனக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டு படம் மாட்டினேன். நடுவில் அந்த அம்மா. கீழே ஒரு சீட்டில் ‘தனிமை’ என்று பெயர் எழுதி ஒட்டினேன். அந்தப் பெயரை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மதியம் அந்த அம்மாவே வந்துவிட்டார், மகள் பேரப்பிள்ளைகளோடு. கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல்.

“யாருப்பா இத எடுத்தது? எம் புருஷன் வீட்டுல கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்காரு. என்னை முண்டச்சியாக்கி செவுத்துல மாட்டிட்டியே!”

எனக்கு முதலில் புரியவே இல்லை. படத்தைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு அவர் கட்டியிருந்தது நல்ல சிவப்புச் சேலை. நெற்றியில் ஐம்பது காசு அகலத்துக்குக் கோயில் குங்குமம். இரண்டும் சிவப்பு, நான் மாட்டியதும் சிவப்பு. சேலை வெள்ளைச் சேலையாகிவிட்டது. குங்குமம் தோலின் சாம்பலோடு கலந்து, இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, கீழே ‘தனிமை’. இருட்டறையில் எத்தனையோ மணி நேரம் அந்தப் படத்தோடு இருந்திருக்கிறேன், வானத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்ததும் ‘விதவை என்றால் கேவலமா’ என்று கேட்க ஒருவர் வருவார் என்று தெரியும். ஐயா, என் அம்மாவே 41 வயதில் அப்பாவை இழந்தவர். கடைசிவரை வண்ணச் சேலைதான் கட்டினார், பொட்டும் வைத்தார், எங்கள் தோட்டத்து லய வீடுகளில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைப்பதும் வைக்காததும் அவரவர் இஷ்டம். அந்த அம்மா வைத்துக்கொண்டு வந்தார், நான் அழித்தேன். என் தப்பு அவ்வளவுதான். இன்னொருவர் வந்து, பொது இடத்தில் படம் எடுக்க யாரிடமும் அனுமதி வேண்டாம் என்பார். நான் சட்டம் பேசவில்லை.

தோட்டத்து வீடுகளில் கறுப்பு வெள்ளைக்கு வேறொரு அர்த்தம் உண்டு என்பதும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அந்த வருடமே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை என்று சட்டம் வந்தது. என் தாத்தா வாழ்நாளில் படத்துக்கு என்று உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான். அவர் செத்த பிறகு அதையே பெரிதாக்கி மாலை போட்டு மாட்டினோம். இப்படி எத்தனை வீடு! அரசாங்கம் எடுத்த படம், இல்லையென்றால் இறந்தவர் படம். அந்த அம்மா தன்னைச் சுவரில் பார்த்ததும் எந்த வரிசையில் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து வந்து நம் கிழவிகளின் சுருக்கத்தை மட்டும் தேடித் தேடி எடுத்துப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அன்றைக்கே படத்தைக் கழற்றிவிட்டேன். மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு தாமான் குடியிருப்பில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் “பரவால்ல தம்பி, நான் செத்தா எப்படி இருப்பான்னு பாத்துக்கிட்டேன்” என்று சிரித்தார். அந்த அம்மா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார், பேசவில்லை. வேறு பேப்பரில், வேறு வெளிச்ச அளவில் போட்டு அந்தக் குங்குமத்தை எப்படியாவது வரவழைக்கலாம் என்று ஒரு வாரம் முயன்றேன். நெகட்டிவில் இல்லாததை எங்கே போய்த் தேடுவது?

அப்போதாவது இந்தத் தெருவை விட்டுவிட்டுக் கல்யாணத்தோடு நின்றிருக்கலாம் என்பார் என் மனைவி. கல்யாணத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? முன்பணம் 500 வெள்ளி கொடுத்துவிட்டு, மீதியை ஆல்பம் வாங்கும்போது தருகிறேன் என்பார்கள். அப்புறம் ஆளையே காணோம். டிரோனுக்கு வேறு ஆளை வைத்து அவனுக்கு ரொக்கமாகக் கொடுப்பார்கள். என் அலமாரியில் இன்னும் மூன்று ஆல்பம் தூங்குகிறது. அதில் ஒரு தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டது, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வண்ணத்தில் எடுத்து மாற்றுங்கள், தாராளமாகப் போதும். ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுங்கள். ஃபிலிம்தான் சுத்தம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும், நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். கணினியில் மாற்றும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கும். சிவப்பை ஏற்றினால் என் கண்ணாடி செய்த அதே வேலையைத்தான் அதுவும் செய்யும். இறக்கினால் பொட்டு கறுத்து எடுப்பாகத் தெரியும். உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது, பின்னால் மனசு மாறினாலும் நிறம் கோப்பில் பத்திரமாக இருக்கும். ஃபில்டர் வேண்டுமென்றால் ஃபிலிமில் மஞ்சள் போதும், ஒரு ஸ்டாப்தான் தின்னும். அனுமதி விஷயத்தில் நான் இப்போது எடுத்த பிறகு கேட்கிறேன். இப்போது கையில் டிஜிட்டல் கேமரா, அதன் திரையைக் காட்டுவேன். முகம் சுளித்தால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். பத்தில் எட்டுப் பேர் சிரித்துவிட்டு, அனுப்பச் சொல்லி நம்பர் கொடுக்கிறார்கள்.

போன வருடம் அந்த அம்மா தவறிவிட்டார். வீட்டுக்காரர் இன்னும் இருக்கிறார். மகள் என்னைத் தேடி வந்தார். ஃபோனில் இருப்பதெல்லாம் கூட்டத்தோடு எடுத்ததாம், எல்லாம் ஆடிப்போயிருக்கிறதாம், அம்மா நேராகப் பார்க்கிற படம் அது ஒன்றுதானாம். “மாலை போட்டு மாட்டணும் அண்ணே. பொட்டு மட்டும் வச்சுத் தர முடியுமா? சுமங்கலியா போனவங்க.”

நெகட்டிவை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். பக்கத்தில் அவரை உட்கார வைத்துக்கொண்டு, எந்த அளவுக்குக் கறுப்பு வைத்தால் குங்குமம் போல் இருக்கும் என்று ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சிவப்பாவே வைங்கண்ணே” என்றார்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறம் வைப்பது மட்டமான வித்தை, கல்யாண ஆல்பத்து ரோஜாப்பூப் புத்தி என்று இதே தளத்தில் நானே எழுதியிருக்கிறேன். தேடினால் கிடைக்கும். சிவப்பாகவே வைத்துக் கொடுத்தேன்.