கடலுக்கு ஏன் ஒயின் முகம்? – கேள்வி பதில்

பழங்கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமர் கடலைச் சொல்லும் 'ஓய்னொப்ஸ்' என்ற அடைமொழிக்கு நேர்ப்பொருள் என்ன சார்?

ஓய்னோஸ் என்றால் ஒயின். ஒப்ஸ் என்றால் கண், முகம், தோற்றம். ஒயின் போன்ற தோற்றம் உடையது என்று பொருள். நம் அன்மொழித்தொகைக்கு நெருங்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் பிரபலமான 'ஒயின் டார்க்'கில் உள்ள 'டார்க்' மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்தது.

அப்போது கிரேக்கர்களுக்கு நீலமே தெரியாது என்கிறார்களே?

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் கதைக்கு வயது அதிகம். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டன், 1858இல் வெளியிட்ட ஆய்வில், ஹோமர் காலத்தவரின் நிற உணர்வு முழுதாக வளரவில்லை என்று வாதிட்டார். ஆனால் ஹோமருக்குப் பல நூற்றாண்டு முந்தைய, கிரீட் தீவின் கினோசோஸ் அரண்மனைச் சுவரோவியங்களில் நீலம் தாராளமாக இருக்கிறது!

இன்னொன்று, ஹோமரின் இலியட் காவியத்தின் 13ஆம் காண்டத்தில் இரண்டு உழவு மாடுகளுக்கும் இதே அடைமொழி வருகிறது. மாடு நீலமாகவா இருக்கும்? கினோசோஸில் கிடைத்த லீனியர் பி என்ற பழங்கிரேக்க எழுத்துள்ள களிமண் பலகைகளில் ஒரு மாட்டின் பெயராகவே இச்சொல்லின் பழைய வடிவம் இருக்கிறது. அதனால் கடலை மட்டும் வைத்து நிறக்கணக்குப் போடுவது சரிவராது.

அந்தி நேரத்துச் சிவந்த கடலோ?

அழகான யோசனைதான். ஆனால் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் கடவுளரின் தலைவன் சியூஸ் இடியால் கப்பலை உடைக்கும் கடலும் ஓய்னொப்ஸ், கிரீட் தீவைச் சூழ்ந்த கடலும் ஓய்னொப்ஸ். பொழுதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. யாப்புக்குத்தான் தொடர்பு. 'ஓய்னொப பொன்டொன்' (ஒயின் தோற்றமுள்ள கடலை) என்ற தொடர், ஹோமரின் அறுசீர் அடியின் கடைசி இரண்டு சீர்களில் கச்சிதமாக உட்காரும். இப்படி யாப்புக்கேற்ற ஆயத்தத் தொடர்களை வைத்தே பாடினார்கள் என்று அமெரிக்க ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரி 1928இல் விரிவாகக் காட்டினார். அதற்காக வெறும் இட்டுநிரப்பல் என்று நான் ஒதுக்கமாட்டேன். மாட்டுத்தோலின் செம்பளபளப்பு, அலையின் மினுக்கம், கிண்ணத்து ஒயினின் ஒளி, மூன்றையும் சேர்ப்பது வெளிச்சம்தான் என்பது என் வாசிப்பு.

ஹோமருக்குப் பிறகு?

முகத்துக்கு வந்துவிட்டது. கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிசின் ஈடிபஸ் நாடகத்தில் மதுக்கடவுள் பாக்கஸ் 'ஓய்னோப்ஸ்'. குடித்துச் சிவந்த முகம், அவ்வளவுதான்.

ஐயா, தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

யவனர் தந்த மதுவைப் புறநானூறு 56 'தேறல்' என்கிறது. ஆசைதான், ஆனால் 'தேறல்முகக் கடல்' என்றால் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். 'ஒயின் நிறக் கடல்' நிறத்தோடு முடங்கிவிடும். நான் 'மதுவென மினுங்கும் கடல்' என்று போடுவேன். மாடுகளுக்கு அது ஒத்துவராது. அங்கே 'செம்மை மினுங்கும்' என்று மாற்றித்தான் ஆகவேண்டும்.